காப்பி என்றால் கேவலமா?



போன வருஷக் கல்லூரி விழா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெல்லிசைப் போட்டியில், எங்க கோவில்பதாகையிலிருந்து வரும் இசிஇ தோழி ஒருத்தி, பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டைப் பாடினாள். கூடவே ஒரு கீபோர்டு மட்டும்தான். பல்லவி முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஹிந்தி காப்பிப்பா இது!" அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவள் பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினாள். ஆனால் இந்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "காப்பி பாட்டைப் பாடி எதுக்கு மானம் போகணும்?" என்றாள். அன்றைய சிரிப்பு அப்போதுதான் எனக்குச் சுட்டது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஹிந்தி மெட்டுதான்! 1964-ல் வந்த 'வோ கோன் தீ' படத்துக்காக மதன் மோகன் போட்டது, லதா மங்கேஷ்கர் பாடியது. அந்தப் படம் 1966-ல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்து 'யார் நீ?' என்று தமிழில் வந்தது. இசை வேதா. அதே வருஷம் தெலுங்கிலும் வந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஹிந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டு வந்ததில் பெயர் வாங்கியவர் வேதா.

சரி, காப்பிதான் என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா?

இதை எங்க பெரியப்பாவிடம் கேட்டேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த நாளில் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாங்கோஸ் வாசித்தவர். இரண்டு பாட்டையும் என் போனில் அடுத்தடுத்துப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "டேய், மெட்டு முன்னாடியே ரெடி. அதுல எங்க நீளமா இழுக்குதோ, அங்க தமிழ்ல நெடில் வந்து உக்காரணும். குறிலை வெச்சா பாட்டு நொண்டும். 'நானே வருவேன்'னு சொல்லிப் பாரு. நா, னே, வே. எல்லாம் நெடில். இழுத்தா இழுக்க வருதில்ல? அர்த்தமும் மாறாம, சீனுக்கும் பொருந்தி, இப்படி எழுதறது லேசுப்பட்ட வேலையா? நீ நாலு வரி எழுதிக் காட்டு, அப்புறம் சிரி."

எழுதிப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகியும் ஒரு வரி தேறவில்லை!

1965-ல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய 'ஓராயிரம் பார்வையிலே' பாட்டைப் பாருங்கள். ரவி இசையில் முகமது ரஃபி பாடிய ஹிந்திப் பாட்டின் மெட்டு அது. ஹிந்தியில் நூறு பிறவி என்று ஆரம்பிக்கும். கண்ணதாசன் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. பிறவியை விட்டுவிட்டுப் பார்வையைப் பிடித்தார், நூறை ஆயிரமாக்கினார். மெட்டு அங்கிருந்து வந்தது, கற்பனை நம்முடையது. அதே 1965-ல்தான் ஹிந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. திணிப்பு வேறு, ரசனை வேறு என்ற தெளிவு நம் மக்களுக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. எம்.எஸ். விஸ்வநாதன் 1965-ல் 'குழந்தையும் தெய்வமும்' படத்துக்குப் போட்ட 'அன்புள்ள மான்விழியே' மெட்டு, 1968-ல் 'தோ கலியான்' என்ற ஹிந்திப் படத்துக்குப் போனது. அங்கே இசை யார் தெரியுமா? அதே ரவி! அவர் மெட்டு இங்கே வந்தது, நம்ம மெட்டு அங்கே போனது. கடன் நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். 1965-ல் ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் டிசைன், இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. முறைப்படி வாங்கி நம்ம ஆட்கள் செய்தார்கள். பிற்பாடு அதே ஆவடியில் அர்ஜுன் டாங்கியை நாமே டிசைன் செய்தோம். "அடுத்தவன் டிராயிங்கைப் பார்த்துச் செஞ்சு செஞ்சுதான்டா கை தேறும்" என்றார். டிப்ளமோ படிக்கும் நமக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம்ம கதைக்கே வருவோம். சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாதவர் நம்மில் யார்? புரிந்து எழுதியவன் வைவாவில் வாய் திறக்கிறான், புரியாமல் எழுதியவன் எக்ஸ்டர்னல் முன்னால் முழிக்கிறான். பாட்டுக்கும் இதே கணக்குதான். சுசீலாவும் டி.எம்.எஸ்.ஸும் அந்த வைவாவில் தேறியவர்கள். இன்னொரு வேடிக்கை: 1970-ல் வந்த 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 2007-ல் ஏ.ஆர். ரஹ்மான் ரீமிக்ஸ் செய்தாரே, அதற்கு விசில் அடித்து ஆடுகிறோம். அப்போது மட்டும் காப்பி என்ற வார்த்தை வாயில் வருவதில்லையே, ஏன்?

அதற்காக எல்லாக் காப்பியையும் நான் நியாயப்படுத்தவில்லை. அடுத்தவன் உழைப்பை எடுத்துக்கொண்டு அவன் பெயரை மறைத்தால் அது திருட்டுத்தான். ஆனால் நம் மேடையில் நடப்பது என்ன? மதன் மோகன் பெயரையும் சொல்வதில்லை, வேதா பெயரையும் சொல்வதில்லை, கண்ணதாசன் பெயரையும் சொல்வதில்லை. "அடுத்து ஒரு பழைய பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். தப்பு பாடியவள் மேல் இல்லை, நம் மேல்தான்.

ஆகவே மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் விழாவில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், வருஷம், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்களைச் சொல்லுங்கள். வேறு மொழி மெட்டு என்றால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும். எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட்டால், பின்வரிசையிலிருந்து கண்டுபிடித்துக் கத்த எதுவும் இருக்காது.

அந்தத் தோழிக்கும் ஒரு வார்த்தை. அன்று சிரித்தது என் அறியாமை. மன்னித்துவிடு. வரும் விழாவில் அதே பாட்டைப் பாடு. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.