எலும்பு நோய் சிகிச்சைக் காப்புரிமைகளும் முன் எதிர்ப்பு உரிமையும்: செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

2024 மார்ச் 15 அன்று அறிவிக்கப்பட்ட காப்புரிமைத் திருத்த விதிகள், காப்புரிமை வழங்கப்படும் முன்பே அதை எதிர்த்து மனு அளிக்கும் வழியைக் குறுக்கியுள்ளதால், கிளியனூர், மரக்காணம் வட்டார உப்பளத் தொழிலாளர் அமைப்பின் செயற்குழு தன் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறது.

எலும்பு சிகிச்சைக் கருவிகளை முதலில் காண்போம். முறிந்த தொடை எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் செலுத்தப்படும் உலோகத் தண்டின் கீழ்முனைத் துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், அவற்றில் திருகாணி பூட்ட மருத்துவர்கள் பலமுறை எக்ஸ்ரே எடுக்க நேர்கிறது. தண்டுக்குள் வைக்கும் சிறு உணர்சுருள், வெளியே எழுப்பப்படும் காந்தப்புலத்தைக் கொண்டு துளையின் இடத்தைத் திரையில் காட்டினால் அக்கதிர்வீச்சு குறைகிறது. இத்தகைய கருவிகளுக்கு 20 ஆண்டுக் காப்புரிமை அளிப்பதை, பெரும்பான்மைக் கருத்தின்படி, இவ்வமைப்பு தற்போதைக்கு எதிர்க்கவில்லை. சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை என்னும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு மட்டும் தளரக் கூடாது.

மருந்துகளின் நிலை வேறு. மாதவிடாய் நின்ற பெண்களைப் பெரிதும் தாக்கும் எலும்புப்புரை நோய்க்கு, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலைக்கு, ஆலென்ட்ரோனேட் என்னும் மாத்திரை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் தரப்பட்டது. அதையே வாரம் ஒருமுறை 70 மில்லிகிராமாகத் தருவதற்கு மெர்க் நிறுவனம் அமெரிக்காவில் தனிக் காப்புரிமை பெற்றது. ஏழு நாள் அளவை ஒரே நாளில் தருவது கண்டுபிடிப்பாம்! வாரம் ஒருமுறை தரலாம் என்ற யோசனை 1996இலேயே ஒரு மருத்துவச் செய்தி மடலில் வெளிவந்திருந்தது. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது என்றது. தலையில் உப்புக் கூடை சுமந்து முதுமையடையும் பெண்ணுக்கு, இத்தகைய பெருக்கல் கணக்கின் பெயரால் மாத்திரை எட்டாமற்போவதை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியாது.

இந்தியாவில் இதைத் தடுக்கும் வேலி அதே சட்டத்தின் 3(டி) பிரிவு. அறிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் நோய்தீர்க்கும் திறனைக் காட்டாவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது அது. ஆனால் வேலியைக் காப்பவர் வேண்டும். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தபோது, எதிர்ப்பு மனு அளித்தோருள் நோயாளிகளுக்கு உதவும் அமைப்பொன்றும் இருந்தது; 3(டி) பிரிவுக்கு எதிரான நோவார்ட்டிசின் வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. எவரும் எதிர்க்கலாம் என்ற 25(1) பிரிவே அன்று கதவைத் திறந்து வைத்தது. 2024 விதிகளால் அக்கதவில் இன்று கட்டணம் வசூலிக்கப்படுகிறது. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் தீர்மானிக்கிறார். அற்ப மனுக்களைத் தடுக்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே எனச் சில உறுப்பினர்கள் கருதினர்; எனினும் சட்டம் எவருக்கும் தந்ததை விதி பறிப்பது அநீதி என்பதில் செயற்குழு ஒருமனதாக உள்ளது.

காப்புரிமை பெற்றவர் தம் கண்டுபிடிப்பின் பயன்பாடு பற்றி அளிக்க வேண்டிய அறிக்கையை, அதே விதிகள் ஆண்டுதோறும் என்பதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறையாக மாற்றியதும் ஏற்புடையதன்று.

ஆகவே நோயாளிகளும் தொழிலாளர் அமைப்புகளும் அளிக்கும் முன் எதிர்ப்பு மனுக்களுக்குக் கட்டணம் முழுமையாக நீக்கப்பட வேண்டும்; ஒரு மனுவை ஏற்க மறுத்தால் அதற்கான காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும்.