ஏழு தந்தியில் ஒரு பண்ணையடிமைப் பிள்ளை

குழந்தைகளே, கிதாருக்கு எத்தனை தந்தி? "ஆறு" என்று சட்டென்று சொல்லி விடுவீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "ஏழு" என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த ஏழு தந்திக் கிதாரில் பெரும் புகழ் பெற்றவர் மிகயீல் விசோத்ஸ்கி. இசை வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். அது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

அவர் 1791ம் ஆண்டு, மாஸ்கோவுக்கு அருகில் இருந்த ஒச்சாக்கோவோ என்ற பண்ணையில் பிறந்தார். பண்ணையின் சொந்தக்காரர் கெராஸ்கோவ் என்ற கவிஞர். விசோத்ஸ்கியின் தந்தை அங்கே வேலை பார்த்த பண்ணையடிமை. பண்ணையடிமை என்றால் என்ன தெரியுமா? நிலத்தை விற்றால், அதில் உழைக்கும் மனிதர்களையும் சேர்த்து விற்று விடுவார்கள். எஜமானர் அனுமதி இல்லாமல் ஊர் விட்டு ஊர் போக முடியாது. கல்யாணம் கூடச் செய்து கொள்ள முடியாது!

அந்தப் பண்ணைக்கு வந்து போனவர்களில் ஒருவர் செமியோன் அக்சியோனோவ். நல்ல கிதார் கலைஞர். சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு அவனுக்குக் கிதார் சொல்லிக் கொடுத்தார்.

"விசோத்ஸ்கி பிறவி மேதை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அக்சியோனோவ் வராமல் இருந்திருந்தால் அந்த மேதை என்ன ஆகியிருப்பான்? பெஞ்சில் தாளம் போட்டதற்காக ஒரு பையனை நானே வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். "நல்லாப் போடுறியேடா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்சியோனோவுக்கும் ஒரு குரு இருந்தார். வில்னியஸில் பிறந்த ஆந்திரேய் சிக்ரா. யாழ் போன்ற ஹார்ப் வாசித்துப் பழகியவர். ஏழு தந்திக் கிதாருக்கென்றே இசை இதழ்கள் நடத்தி, அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்.

இந்தக் கிதாரின் சுருதி அமைப்பு மிக அழகானது. நம் கணக்கில் சொன்னால் ப, ச, க, ப, ச, க, ப. விரலே வைக்காமல் ஏழு தந்தியையும் மீட்டினாலும் காதுக்கு இதமாக இருக்கும். ஆறு தந்திக் கிதாரை அப்படி வெறுமனே மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

விடுதலை பெற்ற விசோத்ஸ்கி 1813ல் மாஸ்கோவுக்குக் குடியேறினார். நெப்போலியன் படையெடுத்தபோது எரிந்த நகரம் மெல்ல எழுந்து கொண்டிருந்த நேரம். கிதார் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அவர் இசைக்கு எடுத்துக் கொண்டது அரண்மனைப் பாட்டுகளை அல்ல. பெரும்பாலும் உழைக்கும் ஜனங்கள் பாடிய பாட்டுகளை. நூல் நூற்கும் பெண்ணைப் பற்றிய ஒரு நாட்டுப்பாடலை எடுத்து, அதே மெட்டை விதவிதமாக மாற்றி மாற்றி வாசித்தார். அந்த வாசிப்பில் மயங்கி, லேர்மொந்தவ் என்ற இளைஞர் ஒரு கவிதையே எழுதினார். பிற்காலத்தில் ரஷ்யாவின் மகாகவிகளில் ஒருவர் என்று போற்றப்பட்டவர் அவர்!

விசோத்ஸ்கி 1837ல் வறுமையில் இறந்தார். அதே ஆண்டில்தான் புஷ்கினும் இறந்தார். புஷ்கினுக்காக நாடே அழுதது. இவருக்காக அழுதவர்கள் எத்தனை பேரோ!

1926ல் ஸ்பெயின் நாட்டு மேதை செகோவியா சோவியத் நாட்டுக்கு வந்து ஆறு தந்திக் கிதார் வாசித்தார். அதற்குப் பிறகு கச்சேரி மேடைகளில் ஏழு தந்தி மெல்ல ஓரம் போனது. செகோவியா மீது எனக்குக் கோபம் இல்லை. புதியது வந்தால் கற்றுக் கொள்ள வேண்டியதுதான். ஆனால் பழையதை ஏன் பரண் மேல் போட வேண்டும்? நல்லவேளை, சாதாரண மக்கள் அதை விடவில்லை. 1960, 70களில் பாட்டாலேயே புகழ் பெற்ற விளாதிமிர் விசோத்ஸ்கி (இவர் வேறு விசோத்ஸ்கி!) கையில் இருந்ததும் ஏழு தந்திக் கிதார்தான். சிக்ரா, விசோத்ஸ்கி ஆகியோரின் படைப்புகளை இந்தக் காலக் கலைஞர்கள் சிலர் பழைய ஏடுகளிலிருந்து தேடி எடுத்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள்.

ரஷ்யாவில் 1861ல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அவர்களில் எத்தனை சிறுவர், சிறுமியர் கிதாரைத் தொட்டுப் பார்க்கவாவது ஆசைப்பட்டிருப்பார்கள்! அவர்களுடைய பண்ணைகளுக்கு எந்த அக்சியோனோவும் வரவில்லை.