உடம்பு கூறும் சான்று

யான் கல்லூரி புகுந்த ஆண்டில் எம்மூர்ப் பெரியவர் ஒருவர், “உடம்பில் தலையும் உண்டு, காலும் உண்டு, கால் தலையாதல் கூடுமோ? மக்களுக்கும் பிறப்பினாலேயே தொழில் வகுக்கப்பட்டுள்ளது” என்றார். என் பாட்டனார் தோல் தைத்து வாழ்ந்தவர். ஆதலின் பெரியவர் கூற்றின் குறிப்பு எனக்கு விளங்காமலில்லை. அன்று விடை கூறாது வந்துவிட்டேன். யான் தமிழ் பயிலும் மாணவனேயன்றி உயிர்நூல் வல்லவன் அல்லேன். ஆயினும், வழக்கிலே ஒருவர் சான்றாளரைக் கொணர்ந்து நிறுத்துவாராயின், அச்சான்றாளர் கூறுவது யாதெனக் கேட்டறிதல் முறையன்றோ? உடம்பையே கேட்போம்.

நம் உடம்பின் உயிரணுக்கள் யாவும் கருவுற்ற முட்டை ஒன்றினின்றே தோன்றியவை. அம்முட்டை இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்து பெருகுகின்றது. பின்னர்க் கருவில் புறவடுக்கு, நடுவடுக்கு, உள்ளடுக்கு என மூன்று அடுக்குகள் அமைகின்றன. நடுவடுக்கினின்று தசையும் எலும்பும் குருதியும், உள்ளடுக்கினின்று குடலின் உட்படலமும், புறவடுக்கினின்று மேற்றோலும் நரம்பும் உண்டாகின்றன. ஒரு தொழிலுக்கென ஒருங்கு கூடிய அணுக்களின் தொகுதியே திசு எனப்படும். மூடுதிசு, இணைப்புத்திசு, தசைத்திசு, நரம்புத்திசு என அது நால்வகைப்படும். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது: தலையிலுள்ள மூளையும் உள்ளங்காலின் மேற்றோலும் ஒரே புறவடுக்கிற் பிறந்தவை.

அங்ஙனமாயின் வேற்றுமை எங்ஙனம் வந்தது? அணுக்கள் பிரியுந்தோறும் மரபுச் செல்வமும் பங்கிடப்படுகின்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைஸ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. ஜான் குர்டன் என்பார் 1962இல், தலைப்பிரட்டையின் குடலணுவினின்று உட்கருவை எடுத்து, தன் உட்கரு அழிக்கப்பட்ட தவளைமுட்டையில் இட்டார். அத்தகைய முட்டைகளுட் சில முழுத் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. 2006இல் ஜப்பானில் யமனாக்காவும் தகஹாஷியும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோலணுக்களைப் பலவகை அணுக்களாகவும் ஆகவல்ல தொடக்க நிலைக்கு மீட்டனர். குர்டனும் யமனாக்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே குடலணுவிடத்தும் தோலணுவிடத்தும் மரபு முழுவதும் உண்டென்பது தெளிவு. தொல்காப்பியம் முழுவதும் கையிலிருக்க, ஒருவர் எழுத்ததிகாரத்தையும் மற்றொருவர் பொருளதிகாரத்தையும் விரித்து ஓதுதல் போல்வது இது.

எந்தப் பகுதியை ஓதுவதென வகுப்பது யாது? அணு நிற்கும் இடமும், அயலணுக்கள் விடுக்கும் குறிப்புமே பெரிதும் வகுக்கின்றன. 1935இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பேமான், நீர்ப்பல்லியின் இளங்கருவில் தோலாக வேண்டிய பகுதியை மூளை தோன்றும் இடத்தில் ஒட்டினார். அது ஆண்டு நரம்பாயிற்று. காலந்தாழ்த்து மாற்றியபோதோ பழைய தொழிலையே பற்றி நின்றது.

“முதிர்ந்த அணு தானாக மாறுவதில்லையே, மனிதரின் செங்குருதியணு தன் உட்கருவையே இழக்கின்றதே” என்று பெரியவர் மறுக்கலாம். உண்மையே. ஆயின் அது வளர்ந்தபின் நேர்ந்த நிலை. பிறக்கும்போது குறைத்து அளக்கப்பட்ட பங்கன்று. பிறப்பைக் காட்டித் தரம் வகுப்பார்க்கு உடம்பு துணைநில்லாது.

இனி, எம்மனோரும் ஓர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். அணு தன் தொழிலைத் தேர்ந்துகொள்வதில்லை; மனிதன் தேர்கின்றான். ஆதலின் மக்களுக்குரிய நீதியை அணுக்களிடம் கடன் வாங்க வேண்டுவதில்லை. கற்கும் வாய்ப்பு எல்லார்க்கும் இளமையிலேயே கிடைத்தல் வேண்டும் என்பதற்கு மனிதன் மனிதனாதலே போதிய காரணம். எனினும், உடம்பைச் சான்றுக்கு அழைத்தவர் அவர். அதன் வாய்மொழியை முழுதும் கேட்டல் அவர் கடன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அன்று கூறாத விடையைப் பணிவோடு அவரிடம் கூறுவேன்.