யூனிட் 2,900 ரூபாய்

கரண்ட் பில் கூடிப்போச்சு என்று புலம்புகிற விளாத்திகுளத்து அன்பர்களே, உங்களுக்கு ஒரு ஆறுதல் செய்தி. 2019 ஜூனில் நாசா ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டது. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தனியார் கம்பெனிகள் ஆள் அனுப்பலாம், தங்க வைக்கலாம். மின்சாரம் யூனிட்டுக்கு 42 டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,900 ரூபாய். மூச்சுக்காற்று ஏற்பாடும் கக்கூஸும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 11,250 டாலர். சாப்பாடு இத்யாதிகளுக்கு 22,500. இன்டர்நெட் ஒரு ஜிபி 50 டாலர்.

பி.காம். படித்தவனுக்கு இதைவிட ருசியான வாசிப்பு கிடையாது. கட்டுப்படியாகவில்லை என்று 2021-ல் நாசாவே ரேட்டை மாற்றியது. சாப்பாடு 2,000 டாலராக இறங்கியது. ஆனால் நிலையத்தில் இருப்பவர்கள் விருந்தாளிக்கு ஒத்தாசை செய்யும் வகையில் பயணம் ஒன்றுக்கு 52 லட்சம் டாலர் என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. இட்லி விலையைக் குறைத்துவிட்டுச் சட்னிக்குத் தனி பில் போட்ட கதைதான்.

சொந்தக் காசில் முதலில் போனவர் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கப் பணக்காரர். 2001-ல், ரஷ்ய ராக்கெட்டில். இப்போது ஆக்ஸியம் என்ற கம்பெனி டிராவல்ஸ்காரர் மாதிரி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறது. ராக்கெட் ஸ்பேஸ்எக்ஸுடையது, தங்குமிடம் நாசாவுடையது, பேக்கேஜ் மட்டும் ஆக்ஸியம். 2022 ஏப்ரலில் இவர்களின் முதல் டிரிப். நிலையத்தில் எட்டு நாள் தங்குவதாகத் திட்டம். இறங்க வேண்டிய கடலில் வானிலை சரியில்லை, பதினைந்து நாள் ஆகிவிட்டது. கூடுதல் நாளுக்குத் தனிக் காசு இல்லை என்று முன்கூட்டியே நாசாவிடம் பேசி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

நான்காவது டிரிப்பில்தான் நம் சுபான்ஷு சுக்லா போனார். பயிற்சி, மாற்று ஆள் எல்லாம் சேர்த்து நம் அரசாங்கத்துக்கு சுமார் 550 கோடி ரூபாய் செலவு என்று செய்திகள் சொல்லின. 2025 ஜூன் 25 கிளம்பி ஜூலை 15 திரும்பினார். இருபது நாள். வகுத்தால் மணிக்கு ஒரு கோடிக்கு மேல் வருகிறது, குறட்டை விட்ட நேரம் உட்பட.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அவர் கிளம்பாத நாட்களைப் பற்றி. மே 29 என்றார்கள். பிறகு ஜூன் 8, 10, 11, 19, 22. முகூர்த்தம் ஆறு தடவை மாறிய கல்யாணம். மாப்பிள்ளைக்கு நோய்த்தொற்று வந்துவிடக் கூடாது என்று மே 25-லேயே தனிமையில் வைத்தாயிற்று. நாலு பேரும் ஒரு மாதம் உள்ளேயே.

காத்து, மழை என்று தள்ளிப் போனது ஒரு பக்கம். ஜூன் 8-ம் தேதி ராக்கெட்டைக் கட்டிப்போட்டு எஞ்சினை மட்டும் எரித்துப் பார்த்தார்கள். திரவ ஆக்ஸிஜன் கசிந்தது. ஏற்கெனவே ஒரு டிரிப் போய்வந்த ராக்கெட். ரிப்பேரில் அந்தக் கசிவு முழுசாகச் சரியாகவில்லை. அந்தச் சமயம் அங்கே ஒரு டீமோடு போயிருந்தவர் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி.நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். தமிழ் மீடியம். கிரையோஜெனிக் எஞ்சினோடு குடும்பம் நடத்தியவர். அவரிடம் போய் ஆக்ஸிஜன் கசிவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்றால் நடக்குமா? ஒத்திவைப்பை அறிவித்தது ஸ்பேஸ்எக்ஸ்தான். முழுசாகச் சரி செய்தால்தான் ஆச்சு என்று தங்கள் டீம் நின்றதையும், தேடியபோது விரிசலே அகப்பட்டதையும் நாராயணன் பின்னால் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

டிக்கெட் வாங்கியவன் வாய் திறப்பது சாமானிய விஷயமில்லை சார். தேய்ந்து வழுவழுவென்றிருக்கிற டயரோடு மினிபஸ் கிளம்புகிறது. 'டிரைவரண்ணே, டயரைப் பாருங்க' என்று ஒருத்தன் சொன்னால், மொத்த பஸ்ஸும் அவனைத்தான் முறைக்கும். ஆபீஸுக்கு லேட்டாகிறதே!

அமெரிக்கச் சட்டம் இன்னும் விசேஷம். 'இந்த வாகனம் ஆளேற்றப் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்று தரவில்லை' என்று பயணியிடம் எழுத்திலேயே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். பயணிகள் பாதுகாப்புக்கென்று விதி போட அந்நாட்டு விமானத் துறைக்கு 2004-லிருந்து தடை. தொழில் வளரட்டும் என்று நீட்டித்து நீட்டித்து, இப்போது 2028 ஜனவரி வரை இழுத்திருக்கிறார்கள். சுக்லா போன டிராகனை நாசா தன் ஆட்களுக்காக அலசி ஆராய்ந்து வைத்திருக்கிறது, அது ஒரு தைரியம். மற்றபடி, கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

இதையெல்லாம் கரிசல்காட்டு அண்ணாச்சி ஒருவரிடம் அளந்துகொண்டிருந்தேன். சுக்லா மேலே பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்துப் பார்த்தார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வெள்ளாமையும் பயறுதான்.

"நாங்க புரட்டாசியில மழைக்கு முந்தியே வெறும் மண்ணுல வெதச்சிட்டு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்போம் தம்பி. மழை ஏமாத்துனா மறுவெதப்பு. வெதைக்காசு போச்சுன்னு விட்ருவோம். ராக்கெட்டுல ஏறுன பிள்ளைக்கு மறுவெதப்பு உண்டா? ஆறு நாளு என்ன, அறுபது நாளு தள்ளட்டும்."

டீ வந்தது.

"நம்ம குலசேகரன்பட்டினத்துல கட்டுதாங்களே, அங்கருந்து ஆளு போகுமா?"

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தளம். சின்ன ராக்கெட்டில் செயற்கைக்கோள் மட்டும்தான் அங்கே. நம் ஆட்களை ஏற்றப் போகும் ககன்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"சரி, அந்தத் தம்பி திங்க என்ன கொண்டுபோச்சு?"

கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழ ரசம்.

"கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டுபோனா என்னவாம்?"

எடையில்லாத இடத்தில் உதிர்கிற பண்டம் ஆகாது, தூள் மிதந்து போய் மூக்கிலும் மெஷினிலும் ஏறிவிடும் என்றேன்.

"நல்ல பாகுல புடிச்சா உதிராது தம்பி" என்றார் அண்ணாச்சி.