நாய்க்கு வாங்கும் நொறுக்குத் தீனி



‘என் செல்லப்பிராணி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் அக்கட்டுரைகளில் ‘என் நாய் சோறும் மீனும் விரும்பித் தின்னும்’ என்ற வாக்கியம் தவறாமல் வரும். இப்பொழுது அந்த இடத்தில் ஏதேனும் ஓர் அயல்நாட்டு நொறுக்குத் தீனியின் வணிகப்பெயர் வந்து அமர்ந்துகொள்கிறது. ‘விரும்பி’ என்பதற்கு இடையின ரகரமா வல்லின றகரமா என்று தடுமாறும் மாணவன்கூட அந்த வணிகப்பெயரை மட்டும் பிழையின்றி எழுதிவிடுகிறான்!

பெக்கோக், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இருந்தாலும் என்ன? சிகாமட்டுக்கோ யோங் பெங்கிற்கோ போனால் கடையில் கிடைக்கிறது. இணையத்தில் பதிந்தால் வீட்டு வாசலுக்கே வருகிறது. சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, வெறும் நெகிழிப் பையில் நிறுத்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எந்த நாட்டில் செய்தது, எதில் செய்தது, எந்நாள் வரை வைத்திருக்கலாம் என்ற ஒரு சொல்லும் அப்பையின்மேல் இராது. விலை மலிவு என்பதால் நாமும் வாங்கிவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கும் பூனைக்கும் இறக்குமதி செய்த நொறுக்குத் தீனி தேவையே இல்லை. வாங்கித்தான் தீருவோம் என்பவர்கள், பெயரும் ஊரும் இல்லாத பையை மட்டுமாவது தொடாமல் இருக்க வேண்டும். இதை வெறும் அச்சத்தால் சொல்லவில்லை. நம் நாடே பட்ட பாடு ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் அதை அறியவே இல்லை.

2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தைவான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. நோயுற்றவை ஆயிரக்கணக்கில். தாய்லாந்து ஆலையொன்றில் மார்ஸ் நிறுவனம் தயாரித்த பெடிகிரி உலர் உணவே காரணம் என்று தெரியவந்து, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வுணவு மீட்டுக்கொள்ளப்பட்டது. பூஞ்சை நச்சு என்று அப்போது கருதினார்கள். விவகாரம் அத்துடன் அடங்கிப் போயிற்று.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2007 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே போன்று பூனைகளும் நாய்களும் சாகத் தொடங்கின. மெனு ஃபூட்ஸ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 60 மில்லியன் பொட்டலங்களையும் குவளைகளையும் மீட்டுக்கொண்டது. ஆய்ந்து பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஆய்வாளர்கள் 2004-இல் மாண்ட ஆசிய நாய்களின் சிறுநீரகத் திசுவை மீண்டும் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றிலும் அதே படிகங்கள்! நம் பக்கத்து நாய்கள் எதனால் செத்தன என்பதை, அமெரிக்கப் பூனைகள் செத்த பிறகுதான் உலகம் அறிந்துகொண்டது.

மெலமைன் என்பது தட்டும் கோப்பையும் செய்யும் பொருள். அதை ஏன் உணவில் கலந்தார்கள்? உணவில் எவ்வளவு புரதம் உள்ளது என்பதைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதைக்கொண்டு புரதத்தைக் கணக்கிடுவார்கள். இஃது 1883-இல் கெல்டால் என்ற டென்மார்க்கு வேதியியலாளர் வகுத்த முறை. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே ஒரு பிடி கலந்தால் போதும், வெறும் கோதுமை மாவும் சோதனையில் உயர்ந்த புரதமாகத் தேறிவிடும். தேர்வில் பார்த்து எழுதியவன் முதல் மதிப்பெண் வாங்குவது போலத்தான். மெலமைனும் சயனூரிக் அமிலமும் உடலில் சேர்ந்தால் சிறுநீரகத்தில் கரையாத படிகங்கள் உண்டாகி, நுண்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன.

‘நாய்தானே, போகட்டும்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே, 2008-இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. வாயில்லாப் பிராணிகளின் சாவு கொடுத்த எச்சரிக்கையை உலகம் காதில் வாங்கவில்லை.

இவையெல்லாம் முழு உணவைப் பற்றியவை. நொறுக்குத் தீனியின் கதை இன்னும் மோசமானது. உலர்த்திய கோழி, வாத்து இறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுறுவதாக 2007 முதலே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திற்கு முறையீடுகள் குவிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சீனத் தயாரிப்புகள். 2014 மே மாதத்திற்குள் முறையீடுகளில் சொல்லப்பட்ட நாய்கள் 5,600. இறந்தவை ஆயிரத்திற்கும் மேல். சில நாய்களுக்கு ஃபான்கோனி என்னும் சிறுநீரகக் கோளாறு இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும். சிறுநீரில் மட்டும் சர்க்கரை ஒழுகும். 2013 சனவரியில் நியூயார்க் மாநில வேளாண் துறை இத்தீனிகள் சிலவற்றில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சங்களைக் கண்டதும், பெரிய நிறுவனங்கள் சில அவற்றை மீட்டுக்கொண்டன. ஆயினும் நோய்க்கு அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. இத்தனை ஆய்வுக்கூடங்கள் உள்ள நாட்டிலேயே நோய்க்குரிய பொருள் இன்னதென்று பிடிபடவில்லை என்றால், நாம் பையைத் திருப்பிப் பார்த்து என்ன கண்டுவிடப் போகிறோம்?

அங்கே குறைந்தது எண்ணினார்கள். இங்கே? தோட்டத்தில் ஒரு நாய் நான்கு நாள் தின்னாமல் கிடந்து செத்தால், செம்பனை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். எலிச் சிறுநீரால் வந்த நோய் என்பார் ஒருவர். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்பார் மற்றொருவர். இரண்டும் நடப்பவைதாம், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியாக என்ன தின்றது என்று எவரும் கேட்பதில்லை. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் தீவனச் சட்டம் இருக்கிறது. முறையீடு எழாத இடத்தில் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

சீனப் பொருள் என்றாலே கெட்டது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். 2004-இல் நம் நாய்களைக் கொன்ற உணவு தாய்லாந்தில் தயாரானது. அதன் உரிமையாளரோ அமெரிக்க நிறுவனம். 2019-இல் அமெரிக்காவில் 150-க்கும் மேற்பட்ட மனிதர்கள் சால்மோனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். நாய்க்கு வாங்கிய உலர்ந்த பன்றிக்காதுகளே காரணம். அவற்றுள் சில தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவை. நாய்த்தீனியைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொட்டால் கிருமி வயிற்றுக்குப் போய்விடும். ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். நம் வீடுகளில் நாய்க்குத் தீனி கொடுப்பவர்கள் யார்? சிறுபிள்ளைகள் அல்லவா?

இன்னொன்று. எலும்பு வடிவில் முறுக்கி விற்கும் வெள்ளைப் பண்டம் எதில் செய்யப்படுகிறது என்று வாங்குவோர் கேட்டதுண்டா? பெரும்பாலும் மாட்டுத்தோல். மாட்டிறைச்சியை வீட்டு வாசலுக்குள் விடாத குடும்பங்கள்கூட இதை மகிழ்ச்சியோடு வாங்கி வருகின்றன! அது அவரவர் விருப்பம். ஆனால் பெரிய துண்டாக விழுங்கினால் நாயின் தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளும் என்பதையாவது அறிந்து வாங்கலாம்.

சரி, வேறு என்ன கொடுப்பது? அடுக்களையிலேயே இருக்கிறது. உப்பும் மசாலையும் சேர்க்காமல் வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழித் துண்டு, அவித்த முட்டை, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், கேரட், முள் நீக்கிய வெந்த மீன், விதை நீக்கிய பப்பாளி. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்குக் கட்டைவிரல் அளவில் இரண்டு மூன்று துண்டுகள் போதும். நாள் முழுதும் தின்னும் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குமேல் நொறுக்குத் தீனியாக இருக்கலாகாது என்பதே கால்நடை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. கடையில் விற்பது போல் உலர்ந்ததாக வேண்டுமானால், இறைச்சியை முதலில் உள்வரை நன்றாக வேகவைத்து (74 பாகை செல்சியசு), பிறகு அடுப்புப் பெட்டியில் குறைந்த சூட்டில் உலர்த்தலாம். பச்சை இறைச்சியை வெயிலில் காயப்போட வேண்டாம். நம் ஊரின் ஈரக் காற்றில் அது காய்வதற்குள் கெட்டுவிடும். செய்து முடித்ததைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

வீட்டு உணவு என்றால் மிச்சக் குழம்புச் சோறு என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துத் தோட்டத்து நாய்கள் குழம்புச் சோறு தின்று நன்றாக வாழ்ந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாழ்ந்தவற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்! வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். கடைத் தீனியை விட்டு இவற்றுக்கு மாறினால், ஓர் இடரிலிருந்து தப்பி இன்னோர் இடரில் விழுந்தவர்கள் ஆவோம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தீனி தின்ற சில நாள்களில் நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, வாந்தியெடுத்து, வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக நீர் குடித்துச் சிறுநீர் கழித்தால், அத்தீனியை உடனே நிறுத்துங்கள். மீதித் தீனியைப் பொட்டலத்தோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரத்தத்தோடு சிறுநீரிலும் சர்க்கரை உள்ளதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கும் வேலைதான். பொட்டலத்திலுள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். மலாய் மொழியில் எழுதத் தயங்கும் பெற்றோர் என்னிடம் வரலாம். எழுதித் தருகிறேன்.