இறைப்பு மெசினுக்கும் காலம் தப்பக்கூடாது

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து சாவகச்சேரிக்கு வந்தவர்களும், 2000இல் சாவகச்சேரியை விட்டு வெளியேறியவர்களும் நாமே. திரும்பி வந்தபோது இறைப்பு மெசின்கள் துருவேறிக் கிடந்தன. கழற்றிப் பூட்டியும் இயங்காதவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டோம். இது தவறு என்பதே எமது கருத்து.

நான்கு ஸ்ரோக் எஞ்சினில் கிராங் இரண்டு சுற்றுச் சுற்ற, காம் தண்டு ஒரு சுற்றே சுற்றும். கிராங்கின் பற்சில்லுக்கு 20 பல் என்றால் காம் சில்லுக்கு 40 பல். இரண்டிலுமுள்ள அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். ஒரு பல் மாறினாலும் வால்வுகள் திறந்து மூடும் காலம் கிராங்கில் 18 பாகை பிசகும். கயிறு இழுத்துக் கை நோகுமே தவிர, தண்ணீர் வராது. வால்வு இடைவெளி மிகக் குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகும். கூடினால் பிந்தித் திறந்து முந்தி மூடும்.

1990களின் பொருளாதாரத் தடையில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கமக்காரருக்கு இது விளங்காத வித்தையல்ல. மெசின் வழங்கும் நிறுவனங்கள், அதைக் கழற்றிப் பூட்டப் பழக்கும் வகுப்பையும் சேர்த்து வழங்கட்டும். கணவரை இழந்து தனியே தோட்டம் செய்யும் பெண்களை அதற்கு முதலில் அழைக்கட்டும். இடம்பெயர்ந்தால் மெசின் பின்னே நின்றுவிடும். பழகிய தொழில் கூடவே வரும்.