ஒற்றை டிக் சொல்லாத சேதி

2018 நவம்பர் 16, அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன, செல்போன் டவர்கள் செயலிழந்தன. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வெளியூரில் இருக்கும்: சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று. 'அம்மா, எப்படி இருக்கீங்க?' என்று அங்கிருந்து கிளம்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்தான் நின்றது.

ஒற்றை டிக்குக்கு என்ன அர்த்தம்? செய்தி கிளம்பிவிட்டது, அந்த போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். சார்ஜ் தீர்ந்திருக்கலாம், டவர் விழுந்திருக்கலாம். ஆனால், தூரத்தில் இருக்கிற பிள்ளையின் மனசு அதை அப்படிப் படிக்காது. செயலி சொல்வது போனின் நிலையை. குடும்பம் கேட்பது ஆளின் நிலையை. குடும்பத்தை இணைக்கும் செயலியை வடிவமைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடைவெளி இதுதான்.

இதற்கு ஜப்பான் ஒரு வழி கண்டது. 1995 கோபே நிலநடுக்கத்தின்போது எல்லாரும் ஒரே நேரத்தில் போன் செய்ய, இணைப்பே கிடைக்காமல் போனது. அதன் பிறகு, 1998-ல் '171' என்ற சேவை வந்தது. பேரிடர் நேரத்தில் அந்த எண்ணை அழைத்து, தன் வீட்டு போன் நம்பரைச் சொல்லி, குரலைப் பதிவு செய்து வைக்கலாம். அந்த நம்பர் தெரிந்த சொந்தக்காரர்கள் பிறகு அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லைனில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஃபேஸ்புக் 2014-ல் கொண்டுவந்த 'சேஃப்டி செக்' வசதியும் இதே யோசனைதான். 2015 சென்னை வெள்ளத்தில், 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று ஒரே தட்டில் நண்பர்கள் அனைவருக்கும் சொல்ல அது உதவியது. ஆனால், அதற்கு இன்டர்நெட் வேண்டும். புயல் முதலில் பிடுங்குவதே அதைத்தான்.

சிக்னல் இல்லாத நேரத்தை யோசித்துச் செய்த செயலியும் நம் கரையில் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரெண்ட்' அது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் இடம் ஆகியவற்றைத் தமிழில் சொல்கிறது. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால், டவர் எட்டாத கடலிலும் படகு எங்கே நிற்கிறது என்று போனுக்குத் தெரியும். கோடியக்கரைக்கும் ஆறுகாட்டுத்துறைக்கும் இது சாதாரண விஷயமல்ல. இலங்கைக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால், படகில் இருப்பவருக்குத் தெரிவது கரையில் காத்திருக்கும் மனைவிக்குத் தெரியாதே? அதற்குத்தான் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி. செயற்கைக்கோள் வழியே கடலுக்கும் கரைக்கும் இடையே குறுஞ்செய்தி போய் வரும். 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024-ல் தொடங்கியது. 'கரை திரும்புகிறோம்' என்ற இரண்டு வார்த்தை போதும், வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரியும்.

புயல் இல்லாத நாளிலும் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்ய மைக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். உப்பளத்திலும் வயலிலும் காய்த்துப்போன விரல் சட்டென்று நழுவும். பாதிப் பேச்சிலேயே செய்தி போய்விடும். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசலாம். இதைப் பாட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு வசதி இருப்பது வேறு, அது கண்ணில் படுவது வேறு.

இன்னொரு பக்கம், கண்காணிப்பு. நீல டிக் வந்தும் பதில் வரவில்லை என்று மாமியார் வீட்டில் மனஸ்தாபம். கல்லூரிக்குப் போன மகள் எங்கே நிற்கிறாள் என்று நிமிடத்துக்கு நிமிடம் மேப் பார்க்கும் அப்பா. வாட்ஸ்அப்பின் 'லைவ் லொக்கேஷன்' 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கெடு வைத்துத்தான் பகிரவிடுகிறது. அது நல்ல வடிவமைப்பு. இரவு பஸ்ஸில் வரும் மகள் தானாகப் பகிர்ந்தால் அது பாசம். அவளைக் கேட்காமல் பின்தொடர்ந்தால் அது வேவு.

ஐப்பசி, கார்த்திகை வருமுன் ஒவ்வொரு குடும்பமும் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முக்கியமான ஐந்து நம்பர்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புயல் பாதிக்காத ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அவருக்குச் சொன்னால் அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். போன் கால் கிடைக்காவிட்டால் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், பலவீனமான சிக்னலிலும் அது நுழைந்துவிடும் வாய்ப்பு அதிகம். பெற்றோர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, பிள்ளைகளின் நம்பரைப் படத்தோடு முகப்பில் வையுங்கள்.

முக்கியமாக ஒன்று: ஒற்றை டிக்கைப் பார்த்து வெளியூர்ப் பிள்ளை பதற வேண்டாம் என்று இப்போதே பேசி வையுங்கள். 'டவர் விழுந்தால் இரண்டு நாள் சேதி வராது, பெரியப்பாவைக் கேள்' என்று சொல்லி வைத்த வீட்டில், அந்த இரண்டு நாளும் கொஞ்சமாவது தூக்கம் வரும்.